இல்லத்து நந்தவனம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆழ்வார்களுள் இருவர் நந்தவனம் வைத்துக் கைங்கர்யம் செய்தவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்குப் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் பெரிய பெருமாளுக்குத் தொண்டரடிப்பொடியாழ்வாரும் மண்ணைக் கொத்தி, நீர் பாய்ச்சி, மாலை கட்டினார்கள். பின்னாளில் எம்பெருமானாருடைய நியமனத்தைத் தலைமேற்கொண்டு அனந்தாழ்வான் திருமலைக்குச் சென்று நந்தவனம் அமைத்தார். அவ்வளவு பெரிய கைங்கர்யம் நம் சிறிய வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் ஒரு துளியேனும் நடக்கலாகாதா என்னும் ஆசையால், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அடியோம் செடி வைக்கத் தொடங்கினோம். அதில் கற்றதையும், தவறியதையும் இங்கு விண்ணப்பிக்கிறோம்.

முதலில் திருத்துழாய். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்த தொட்டியில் நன்கு வளரும். நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். வேரில் நீர் தேங்கலாகாது. கதிர் முற்றி விதை பிடிக்க விட்டால் தழைப்பது நின்றுவிடும். ஆகவே இளங்கதிராக இருக்கும்போதே கொய்து ஸமர்ப்பிப்பது செடிக்கும் நல்லது. குளிர்தேசங்களில் வாழும் பாகவதர்கள் பனிக்காலத்தில் தொட்டியை உள்ளே கொண்டுவந்து, வெயில் விழும் ஜன்னலருகே வைத்துக் காக்கலாம். அந்த ஜன்னல் அமெரிக்காவில் தெற்கு நோக்கியதாகவும், ஆஸ்திரேலியாவில் வடக்கு நோக்கியதாகவும் இருக்கவேண்டும். த்வாதசியன்று திருத்துழாய் பறிப்பதில்லை. முன்னதாகவே பறித்து வைத்துக்கொள்வர். அதற்குப் பழையது என்னும் தோஷமில்லை என்பர் பெரியோர்.

அடுத்து மலர்கள். இடம் அறிந்து செடியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வெயில் நிறைந்த இடத்தில் மல்லிகை; கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனி முதல் அரும்பு கட்டும். அரை நிழலில் நந்தியாவட்டை, இருவாட்சி. நந்தியாவட்டை அதிகப் பராமரிப்பின்றி ஆண்டு முழுவதும் பூக்கும். புதிதாகத் தொடங்குவோர்க்கு அதுவே தக்கது. பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்வதாகையால் மரத்தடியில் தூய வஸ்த்ரம் விரித்து ஏற்பது வழக்கம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சாகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பது நலம்.

தளிகைக்கு உரியவற்றையும் கூடவே வளர்க்கலாம். வெண்டை விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். அவரையை ஆடியில் விதைத்தால், பகல் குறுகும் நாட்களில் பூத்து, மார்கழி தையில் கறியமுதுக்கு ஆகும். சேப்பங்கிழங்குக்கு ஈரமும் ஆறேழு மாதப் பொறுமையும் வேண்டும். கறிவேப்பிலையை முதலிரண்டு ஆண்டுகள் மொட்டையடிக்காமல் நுனி மட்டும் கிள்ளினால் கிளைத்து நிற்கும். விலக்கவேண்டிய காய்களை அவரவர் திருமாளிகைப் பெரியோரிடம் கேட்டறிக.

பூச்சி வந்தால் என் செய்வது? கட்டிக்கொண்டு போன ப்ரஸாதத்தில் எறும்புகளைக் கண்ட அனந்தாழ்வான், திருமலை வாஸத்தை அவற்றுக்கு இழக்கச் செய்யலாகாது என்று மீண்டும் மலையேறி அவற்றை விட்டுவந்தார் என்று கேட்டிருக்கிறோம். அவர் அடியொற்ற ஆசைப்படும் நாம் எடுத்த எடுப்பில் விஷமருந்தைத் தேடலாகாது. அசுவினியை நீர் பீய்ச்சியே அகற்றலாம். மிஞ்சினால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக்கரைசலும் கலந்து, மலர்ந்த பூக்களில் படாமல், மாலையில் தெளிக்கலாம்.

இவ்வளவும் செடி பற்றியது. இனி அடியோம் தவறிய இடம்.

கொல்லையில் ஓர் ஒட்டுச் செண்பகம் நட்டிருந்தோம். மூன்றாம் ஆண்டில் முதல் மொட்டு விட்டது. திருவாடிப்பூரத்தன்று அதை எம்பெருமானுக்கும் நாச்சியாருக்கும் ஸமர்ப்பிப்பதாக மனத்தில் கணக்கிட்டோம். அன்று காலை நீராடித் திருமண் இட்டுக்கொண்டு, பூக்குடலையோடு சென்றால் கிளையில் பூ இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் பெண், ஏழு வயதுக் குழந்தை, அதைத் தன் தலையில் செருகிக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தாள்.

அடியோம் கடிந்து பேசினோம். என்ன பேசினோம் என்பதை இங்கு எழுதக் கை கூசுகிறது. குழந்தை பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "சூடின பூ எதற்காகும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். தாயும் பெண்ணும் வேலையை முடிக்காமலே போய்விட்டார்கள்.

திருவாராதனத்துக்கு அமர்ந்தோம். கோயிலாழ்வாரைத் திறந்ததும் இல்லாள் மெல்லக் கேட்டாள்: "இன்னிக்கு யாரோட திருநக்ஷத்ரம்னு ஞாபகம் இருக்கா?"

பதில் சொல்ல நாவெழவில்லை. தாம் சூடிப் பார்த்த மாலையை அனுப்பியவள் அன்றோ அந்நாளுக்கு உரியவள்? சூடின மாலை ஆகாதென்று பெரியாழ்வார் வருந்தி வேறு மாலை கட்டினார். எம்பெருமானோ அவள் சூடியதையே உகந்தான். அக்குழந்தையை ஆண்டாளோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. சூடின மலரை ஸமர்ப்பிக்கலாகாது என்னும் விதியும் அப்படியே நிற்கிறது. பூ ஆகாமற்போனது உண்மை. அதற்காகக் குழந்தையின் கண்ணில் நீர் வரவழைக்க விதி சொல்லவில்லையே! விஷ்ணுவுக்கு உகந்த எட்டு மலர்கள் என்று பெரியோர் அருளிச்செய்தவற்றில் முதலாவது அஹிம்ஸை. பின் புலனடக்கம், ஸர்வபூத தயை, பொறுமை, ஞானம், தவம், த்யானம், ஸத்யம். ஒரு செண்பகத்துக்காக முதல் நான்கையும் அன்று உதிர்த்துவிட்டோம்.

ஏன் உதிர்த்தோம் என்று ஆராய்ந்தால் காரணம் வெட்கமளிப்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் பணத்தை எண்ணியவர்கள் நாம். பெட்டகத்தில் எத்தனை லட்சம் இருந்தாலும் ஒரு நாளும் அதை நம்முடையது என்று நினைத்ததில்லை. மாலையில் கணக்கை ஒப்புவித்து, வெறுங்கையோடு நிம்மதியாக வீடு திரும்பினோம். அந்தப் புத்தி ஒரு பூவினிடத்தில் இல்லாமற்போயிற்று. "நாம் நட்டது, நாம் நீர் விட்டது, நாம் ஸமர்ப்பிக்கப் போவது" என்று எழுதி வைத்துக்கொண்டோம். மண்ணும் மழையும் வித்தும், அவற்றைப் பேணும் கையும் சேஷியான அவனுடையவை. சேஷபூதர்களான நாம் அவன் சொத்தை அவனுக்கே கொடுக்கும் காசாளர்கள். காசாளன் முதலைத் தன்னதென்று எண்ணினால் அதற்கு வங்கியில் என்ன பெயர் என்பதை நாம் அறிவோம்.

அன்று மாலை அக்காரவடிசில் ப்ரஸாதம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்று, தாயிடமும் குழந்தையிடமும் மன்னிப்பு வேண்டினோம். தாய் பெருந்தன்மையோடு ஏற்றாள். குழந்தை அவள் புடவைக்குப் பின்னாலேயே நின்றாள்.

பத்து நாள் கழித்து இரண்டாம் செண்பகம் மலர்ந்தது. எம்பெருமானுக்கு ஸமர்ப்பித்தபின் ப்ரஸாதமாக அதை அக்குழந்தையின் கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள், தலையில் வைத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் எத்தனையோ பூக்கள் பூத்துவிட்டன. அவள் மறுபடி ஒரு பூவைத் தானாகச் சூடும் நாளுக்காக அடியோம் இன்னும் காத்திருக்கிறோம்.

பாகவதர்கள் அனைவரும் தங்கள் இல்லத்தில் ஒரு திருத்துழாய்ச் செடியாவது வைத்துப் பேணவேண்டும். களை எடுக்கும்போது "என்னுடையது" என்னும் களையையும் சேர்த்துப் பிடுங்கவேண்டும். அது ஒவ்வொரு மழைக்கும் முளைக்கக்கூடியது, அடியோம் கண்டது.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.