வெட்டியது போக மிச்சம்

கேம்கார்டரில் போடும் ‘மினி டிவி’ கேசட், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதைக் கணினியில் ஏற்றக் குறுக்குவழி கிடையாது. 60 நிமிடக் கேசட் என்றால் 60 நிமிடமும் ஓடித்தான் ஏறும். ஏறக்குறைய 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். இப்போதைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லாததால் நண்பனின் பழைய கணினியை இரவல் வாங்கினேன். 2002 முதல் 2007 வரை அப்பா எடுத்த 14 கேசட்டுகள். தீபாவளி, பிறந்தநாள், பத்துமலை, யாரோ ஒருவர் கல்யாணம். குடும்பத்தில் கேட்டது வாட்ஸ்அப்பில் பகிர 20 நிமிடம்.

கணக்குப்படி 42 நிமிடத்திற்கு ஒரு நிமிடம்தான் மிஞ்சும். எதை விடுவது?

மென்பொருள் முதலில் கைவைப்பது நடுக்கத்தில். ஒவ்வொரு சட்டகத்தையும் முந்தையதோடு ஒப்பிட்டு, கை அசைந்த அளவுக்குப் படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி, ஓரங்களை வெட்டிவிடும். அடுத்து, எல்லாரும் செய்வதுபோல் சத்தத்தை அணைத்து ஒரு சினிமா பாட்டைப் போடலாம். படம் சுத்தமாகிவிடும். ஆனால் 14 மணி நேரத்தில் ஓரிடத்திலும் அப்பாவின் முகம் இல்லை. “ஏய் தள்ளு, பாட்டி தெரியல” என்ற குரலிலும் அந்த நடுக்கத்திலும்தான் அவர் இருக்கிறார். மென்பொருள் குறை என்று சொல்வதை எல்லாம் நீக்கினால், எடுத்த மனிதரே காணாமல் போவார். அதை விட்டுவைப்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

குழப்பம் சித்தியால் வந்தது. “அந்த ஆளு மூஞ்சி வர்ற இடத்தையெல்லாம் எடுத்துடு. அந்தக் கேசட்டையே தூக்கிப் போட்டாலும் சரிதான்.” விவாகரத்தாகிப் பல வருடமாகிறது. ஆனால் பத்துமலைப் படிகளில் அவர் தோளில் உட்கார்ந்து சிரிக்கும் குழந்தை, சித்தியின் மகள். “அண்ணா, நான் அப்பாகூட இருக்குற வீடியோ அது ஒன்னுதான்” என்று அவள் தனியாகக் கேட்டாள்.

‘உண்மையில் கை வைக்கக் கூடாது’ என்று சித்தியிடம் சொல்லியிருக்கலாம். பொறியியல் படித்தவனுக்கு அது சுலபமான பதில். மூலத் தரவைத் தொடாதே என்றுதானே கற்றோம்? ஆனால் அந்தக் கேசட் முழு உண்மை இல்லை. கேமரா ஒவ்வொரு காட்சியோடும் நேரத்தையும் பதிந்து வைக்கிறது. ஒரு தீபாவளியன்று 7:12க்கு நின்ற படம் 9:40க்குத்தான் மறுபடி தொடங்குகிறது. அப்பா எதையோ எடுக்காமல் விட்டிருக்கிறார். முதல் வெட்டு அவருடையது. அவருக்கு இருந்த உரிமை, அந்த வாழ்க்கையை வாழ்ந்த சித்திக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் 20 நிமிடத்தில் எது வர வேண்டாம் என்று அவர் சொல்லலாம்.

ஆனால் கேசட்டைத் தூக்கிப் போடச் சொல்வது வேறு. அந்தப் படிகளில் நடந்தது சித்திக்கு மட்டும் நடந்ததில்லை. ஒருவரின் வலி, இன்னொருவரின் ஒரே நினைவை அழிக்கும் அதிகாரமாகிவிடாது.

எடிட்டிங் மென்பொருளில் ஒரு காட்சியை வெட்டினால் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ‘இங்கிருந்து இதுவரை காட்டு’ என்ற குறிப்பு மட்டுமே மாறுகிறது. வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். எனக்கு அதில் ஒரு நியாயமும் தெரிகிறது. மறைத்ததை, மனம் ஆறிய பிறகு திரும்ப எடுக்கலாம். அழித்தால், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து நாமே முடிவெடுத்துவிடுகிறோம்.

குடும்பத்துக்குப் போன 20 நிமிடத்தில் அவர் இல்லை. முழுக் கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் தங்கையிடம் இருக்கிறது. இரண்டையும் சித்தியிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் கொடுத்திருந்தால், அதுவும் ஒரு வெட்டுதான்.