கடைசிக் கை

நோயாளிக்குப் போட்டு முடித்த ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். பல நேரம் அது ரத்தம் தோய்ந்த பஞ்சோடும் கட்டுத்துணியோடும் மஞ்சள் பைக்குள் போய்விடுகிறது. மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர் அந்தப் பையின் வாயை முறுக்கிக் கட்டும்போது விரலில் குத்துகிறது, அல்லது தூக்கிக்கொண்டு நடக்கும்போது தொடையில் ஏறுகிறது. போய்ச் சொன்னால் முதலில் கிடைப்பது மருந்தல்ல, "பாத்து எடுக்கக் கூடாதாம்மா?" என்ற கேள்விதான்.

இந்தக் கேள்வியில் நியாயம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொடுத்த கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு. பை நிறைந்த பிறகும் கையால் அமுக்கித் திணிப்பவர்கள் உண்டு. தன் உடம்பைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கும் இருக்கிறது. ஆனால் கட்டிய பைக்குள் எதைப் பார்ப்பது? மெல்லிய ரப்பர் கையுறை ஊசியை எப்படித் தடுக்கும்? அவர் கவனமாக இருந்தால் விபத்து குறையலாம். அந்த ஊசியை அங்கே போட்டவர் அவர் இல்லை.

அப்படியானால் போட்டவரைப் பிடிக்கலாமா? இரவு இரண்டு மணி, வலிப்பு வந்த நோயாளி, வார்டு முழுக்க ஒரே செவிலியர். மருந்தை ஏற்றிவிட்டு ஊசியைத் தட்டில் வைக்கிறார். வெள்ளை டப்பா வார்டின் மறுகோடியில், அதுவும் வாய்வரை நிறைந்து கிடக்கிறது. ஊசியின் மூடியைத் திரும்பச் செருகப் போய் அவர் விரலிலேயே குத்திக்கொள்வதும் நடக்கிறது. குற்றம் இங்கேயும் முழுதாக நிற்கவில்லை. டப்பாவைக் கட்டிலுக்கு அருகில் வைப்பதா, முக்கால் பங்கு நிறைந்ததுமே மாற்றுவதா, ஒரு வார்டுக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர்கள் அந்த நேரம் அங்கே இருப்பதில்லை. தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ, பொறுப்பின் பெரும்பங்கும் அங்கேதான் போக வேண்டும். நடைமுறையிலோ அது கடைசியாகத் தொட்ட கையோடு நின்றுவிடுகிறது.

நிர்வாகத்தின் பக்கமும் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. குத்தியதும் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் ஊசிகள் வந்துவிட்டன. அமெரிக்கா 2000இலேயே இதற்குச் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் உத்தரவு பிறப்பித்தது. அந்த ஊசிகள் சாதாரண ஊசியைவிட விலை கூடியவை. வரும் நிதியோ அளவானது. ஊழியரைக் காக்கச் செலவிடும் பணம் நோயாளியின் மருந்திலிருந்து எடுத்ததாகிவிடாதா? எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வியல்ல இது. இருந்தாலும் ஊசியில் மிச்சம் பிடித்த தொகை காற்றில் கரைந்துவிடவில்லை. வார்டில் மிகக் குறைந்த கூலி வாங்குபவரின் உடம்பிலிருந்துதான் அது எடுக்கப்பட்டிருக்கிறது, அவரைக் கேட்காமலே. தவிர, டப்பாவை இடம் மாற்றி வைக்க ஒரு ரூபாய்கூட ஆகாது.

ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசிக்கும் பெரிய செலவில்லை. ஊசி குத்தியவுடன் எல்லோர் மனதிலும் எழும் பயம் எய்ட்ஸ். எச்.ஐ.வி. கலந்த ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 300க்கு 1. ஹெப்படைட்டிஸ் பி தொற்று உள்ளவரின் ரத்தமாக இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், 100க்கு 6 முதல் 30 வரை. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடிருக்கும். அதாவது பெரிய ஆபத்தைத்தான் மூன்று தவணைத் தடுப்பூசி தடுக்கிறது. அதைப் போடாமல் ஒருவரைக் குப்பை அள்ள அனுப்புவதற்குப் பணமில்லை என்பது காரணமாகாது.

எச்.ஐ.வி.க்கும் மருந்து இருக்கிறது: 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் சொன்னால்தானே மருந்து? அரை நாள் சம்பளம் போகும், சூப்பர்வைசர் ஏசுவார், அந்த மாத்திரையைச் சாப்பிடுவது தெருவுக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்ற கூச்சம் வேறு. பணியாளர் குழாயில் கையைக் கழுவிவிட்டு அடுத்த பையை எடுத்துவிடுகிறார். பின்னால் தெரியவரும்போது, "ஏன் அப்பவே சொல்லல?" என்று மறுபடியும் அவரையே கேட்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பெரும் விபத்து எது என்று வரையறுக்கின்றன. கழிவு ஏற்றிய லாரி கவிழ்ந்தால் பெரும் விபத்து. நீர்நிலையில் கழிவு கொட்டிவிட்டால் பெரும் விபத்து. ஊசிக்குத்து அதில் சேராது என்று பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. ஊர் முழுவதும் பாதிக்கப்படக்கூடியதைத் தனியே பிரித்து உடனே தெரிவிக்கச் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது. மற்ற விபத்துகளை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். விரலைக் கழுவிவிட்டுப் போனவரின் காயம் அந்த அறிக்கைக்கு எப்படி வந்து சேரும்?

அதே விதிகள் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்கின்றன. வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. கடமை மருத்துவமனைக்கு. சுகாதாரப் பணியாளர் என்பதோடு நிறுத்தாமல், கழிவைக் கையாளும் மற்றவர்களையும் சேர்த்தே விதி பேசுகிறது. சம்பளம் ஒப்பந்தக்காரர் கையிலிருந்து வருகிறது, அதனால் இவர் எங்கள் ஆள் இல்லை என்று மருத்துவமனை சொல்ல அதில் இடமில்லை.