கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்!

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ விடியற்காலை ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். இருட்டு முழுசாக விலகியிருக்காது. அதற்குள் பையன்கள் ஓட ஆரம்பித்திருப்பார்கள். விளையாட்டுக்காக ஓடுகிறவர்கள் கொஞ்சம் பேர். போலீஸ் வேலைக்காக ஓடுகிறவர்கள்தான் நிறைய.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறணும். நீளமோ உயரமோ தாண்டணும். மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரியணும். ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி ஆனாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் சரி.

ஓரத்தில் விசிலோடு ஒருவர் நிற்பார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டராக இருக்கலாம். போன தடவை செலக்‌ஷனில் ஒரு விநாடியில் கோட்டைவிட்ட அண்ணனாகக்கூட இருக்கலாம். பையனைக் கொண்டுவந்து சேர்க்கிற அப்பா அவரிடம் சொல்லும் வசனம் நமக்கெல்லாம் பழக்கமானது.

‘‘கண்ணை மட்டும் விட்டுடுங்க சார். மத்ததை எல்லாம் உரிச்சிடுங்க!’’

சிரித்துக்கொண்டே சொல்வார். மாஸ்டரும் சிரிப்பார். பையன் மட்டும் சிரிக்க மாட்டான்.

விளையாட்டாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனால், அதன் அர்த்தம் என்ன? ‘என் பிள்ளையின் உடம்பை உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்’ என்பதுதானே? ஒரு மனிதனின் உடம்பை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? அவனே சம்மதித்தாலும்?

நம் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. பிறர் உடம்பை உருவாக்குவதையே பெரும் உத்தியோகமாக ஆக்கிவிட்ட ஓர் ஊரில், விலை கொடுத்து இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் மோதும் ஆட்டம். அதில் ஜெயிக்க உடம்பு வேண்டும். ஆனால், எடை தூக்கினால் தசை இறுகி ஆள் மந்தமாகிவிடுவான் என்றுதான் ஒரு காலத்தில் கோச்சுகள் நம்பினார்கள். 1969-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், முதுகில் அடிபட்டு ஆட்டத்தை விட்ட பாய்ட் எப்லி என்கிற கோலூன்றித் தாண்டும் மாணவரைப் பிடித்து, வீரர்களுக்கு வலுவேற்றும் வேலையைக் கொடுத்தது. ‘எவனாவது ஒருத்தன் வேகம் குறைந்தால், உனக்கு வேலை இல்லை’ என்று தலைமை கோச் எச்சரித்ததாகச் சொல்வார்கள். யாரும் வேகம் குறையவில்லை. 1970-லும் 71-லும் நெப்ராஸ்கா தேசிய சாம்பியன். அதன்பின் இப்படி ஒரு பயிற்சியாளர் இல்லாத பெரிய கல்லூரியே இல்லை என்றாகிவிட்டது.

சீசன் இல்லாத மாதங்களில் தலைமை கோச் மாணவர்களோடு எவ்வளவு நேரம் செலவிடலாம் என்பதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. எனவே, பையன்கள் பெரும்பாலும் இந்த வலுப் பயிற்சியாளர் கையில்தான் இருப்பார்கள். யார் உழைக்கிறான், யார் ஏமாற்றுகிறான் என்று தலைமை கோச்சிடம் சொல்பவர் இவரே. ஆட்ட நாளில் யாரும் இவரைக் கவனிப்பதில்லை. ஆனால், பையனின் எதிர்காலம் இவர் நாக்கு நுனியில்.

2011 ஜனவரி. அயோவா பல்கலைக்கழகம். விடுமுறை முடிந்து வந்த வீரர்களுக்குக் கடுமையான பயிற்சி. தான் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் பாதியைத் தோளில் வைத்துக்கொண்டு நூறு தடவை உட்கார்ந்து எழ வேண்டும். அதுவும் கடிகாரத்தைப் பார்த்து. அந்த வாரத்தில் 13 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற நோய். நல்லவேளை, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பயிற்சியைக் கைவிடும்படி விசாரணைக் குழு சொன்னது. பயிற்சியாளர் கிறிஸ் டாயிலுக்கு என்ன ஆயிற்று? சில மாதங்களில், அணியின் சிறந்த உதவிக் கோச் என்று விருது கொடுத்தார் தலைமை கோச்! பின்னாளில் அவர் சம்பளம் ஆண்டுக்கு 8 லட்சம் டாலர். 2020-ல் கறுப்பின வீரர்கள் பலர், தங்களை அவர் நடத்திய விதம் பற்றி வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் பதவி போனது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

எல்லோருக்கும் அதிர்ஷ்டம் இருப்பதில்லை. 2018 மே 29-ம் தேதி, மேரிலாண்ட் பல்கலைக்கழக மைதானம். ஜோர்டான் மெக்நேர் என்கிற 19 வயதுப் பையன், மற்றவர்களோடு சேர்ந்து பத்து முறை தலா 110 கெஜம் ஓட வேண்டும். வெயில் தாக்கிச் சுருண்டான். ஆம்புலன்ஸைக் கூப்பிடவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயில் தாக்கி உடம்பு கொதிக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் ஐஸ் தண்ணீரில் கிடத்திக் குளிரவைக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அது நடக்கவில்லை. ஜூன் 13-ல் ஜோர்டான் இறந்துபோனான். வலுப் பயிற்சியாளர் விலகினார், தலைமை கோச் நீக்கப்பட்டார், 2021-ல் குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் இழப்பீடு. விசாரணைக் குழு சொன்ன ஒரு விஷயம்தான் முக்கியம். அங்கே பிரச்னைகள் புரையோடியதற்குக் காரணம், வீரர்களில் பலர் வாயைத் திறக்கவே பயந்தார்கள்.

இதைச் சொன்னதும் நம் மாஸ்டர்கள் கோபித்துக்கொள்வார்கள். ‘‘என்ன சார் பேசறீங்க? செல்லம் கொடுத்தா எவன் ஏழு நிமிஷத்துல ஓடுவான்? அடிக்கிற கைதான் அணைக்கும்!’’

நியாயமான கோபம்தான். கஷ்டப்படாமல் உடம்பு ஏறாது. பையன் ‘முடியல சார்’ என்று சொன்ன உடனே உட்காரவைத்தால் அது பயிற்சியே இல்லை. சோம்பலையும் பயத்தையும் தாண்டவைக்கிறவர்தான் வாத்தியார். அவர் திட்டியதால் வேலைக்குப் போனவர்கள், இன்றைக்கும் அவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிடுகிறார்கள். அதில் பொய் இல்லை.

ஆனால், ‘முடியல’ இரண்டு வகை. ஒன்று, மனசு சொல்வது. இன்னொன்று, உடம்பு சொல்வது. முதலாவதைத் தாண்டவைக்கணும். இரண்டாவதற்கு அடிபணியணும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே வியர்வை, அதே மூச்சு வாங்கல். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்த வித்தையும். அதற்கு ஒரே வழி, பையன் நிஜத்தைச் சொல்லணும். ‘தலை சுத்துது’, ‘ஒண்ணுக்கு கறுப்பா போகுது’, ‘நேத்து ராத்திரி சாப்பிடலை’. பயந்த பையன் இதில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டான். ஆக, பயமுறுத்துகிற மாஸ்டர் பையனை மட்டும் கெடுக்கவில்லை. தன் வித்தையின் கண்களைத் தானே குத்திக்கொள்கிறார்.

‘பையனே சம்மதித்துத்தானே வந்தான்’ என்பது அடுத்த வாதம். சம்மதம் என்றால் என்ன? சென்னைக்காரர் ராம்ஜி சீனிவாசன், 2011-ல் உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் உடல்தகுதிப் பயிற்சியாளர். அவருக்குப் பின் வந்த இன்னொரு சென்னைக்காரர் பாசு சங்கர். தன் உடம்பை மாற்றியவர் என்று விராட் கோலியே அவரைப் பாராட்டியிருக்கிறார். இந்த இடத்தில் யாருக்கு பலம் அதிகம் என்று யோசியுங்கள். ‘இன்னிக்கு வேணாம் பாஸ், முதுகு பிடிச்சிருக்கு’ என்று கோலி சொன்னால் அது முடிந்த பேச்சு. அவர் சரி என்றால், அது நிஜமான சரி. ஏனென்றால், அவரால் வேண்டாம் என்றும் சொல்ல முடியும்.

திண்டிவனத்துப் பையனால் முடியுமா? தங்கச்சி கல்யாணம், அப்பாவின் கடன், போன வருஷம் கோட்டைவிட்ட ஒரு விநாடி, எல்லாம் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்க, அவன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்? மறுக்க முடியாதவன் சொல்கிற ‘சரி’யை எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது? அவனால் சொல்ல முடியாத ‘போதும்’ என்ற வார்த்தையை, அவனுக்காகச் சொல்லும் பொறுப்பு விசில் வைத்திருப்பவருடையது. அந்த விசில் ஓடச் சொல்வதற்கு மட்டுமல்ல, நிறுத்தச் சொல்வதற்கும்தான்.

‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லிய அதே உழவர்தான், உச்சி வெயில் ஏறியதும் மாட்டை ஏரிலிருந்து அவிழ்த்து நிழலில் கட்டினார். மாடு கேட்டா அவிழ்த்தார்? அது வாய் திறந்து கேட்காது என்பதால்தான் அவிழ்த்தார். நாம் பழமொழியின் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். தசை வளர்வது எடை தூக்கும்போது இல்லை, தூக்கிவிட்டு ஓய்வெடுக்கும்போது என்று இன்றைய உடலியல் சொல்கிறது. ஓய்வு என்பது மாஸ்டர் போடுகிற பிச்சை இல்லை. அது பயிற்சியிலேயே ஒரு பாகம்.

ஒரு பயிற்சியாளரின் வாழ்க்கையை எதை வைத்து அளப்பது? எத்தனை பேரை வேலையில் சேர்த்தார், எத்தனை கோப்பை வாங்கினார் என்று சுவரில் எழுதிவைக்கிறோம். எழுதட்டும். ‘அவர்கிட்ட பயப்படாம முடியலைன்னு சொல்லலாம்’ என்று பையன்கள் சொல்கிறார்களா என்பதையும் சேர்த்து எழுதலாம்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையை மைதானத்தில் சேர்க்கப் போகும்போது, அந்தப் பழைய வசனத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பதிலாக, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

‘‘சார், என் பையன் முடியலைன்னு சொன்னா, நீங்க என்ன பண்ணுவீங்க?’’

பதில் சொல்வதற்கு முன் அவர் கொஞ்சம் யோசித்தார் என்றால், தைரியமாக விட்டுவிட்டு வாருங்கள்.