மேலதிகமாகக் கிடைக்கும் நாள்



பருவகாலங்கள் ஒருமுறை சுற்றிவர 365 நாளும் ஏறக்குறைய 5 மணி 48 நிமிடம் 46 செக்கனும் ஆகின்றன. மிச்சமாகும் இந்த மணித்தியாலங்களைச் சேர்த்தே நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெப்ரவரிக்கு 29ஆம் நாளைக் கொடுக்கின்றார்கள். அதுவே நெட்டாண்டு. ஆயினும் மிச்சம் முழுமையான 6 மணித்தியாலம் அன்று. ஆண்டுதோறும் கூடிய அந்த 11 நிமிடம் நூற்றாண்டுகளிற் பல நாட்களாகி, 1582ஆம் ஆண்டு பாப்பரசர் 13ஆம் கிரகோரி 10 நாட்களை நீக்க நேர்ந்தது. ஒக்டோபர் 4இன் மறுநாள் 15 ஆயிற்று. சிறு நிமிடங்களைக் கவனியாது விட்டதன் பயன் அது.

எமது பஞ்சாங்கத்தில் சூரியன் இராசி மாறும்போதே மாதம் பிறப்பதால் தனியாக ஒரு நாள் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் சந்திரனின் 12 மாதங்கள் 354 நாட்களே. குறைவு திரண்டு, ஏறக்குறைய 32 அல்லது 33 மாதங்களுக்கு ஒருமுறை அதிகமாதம் வருகின்றது. அம்மாதத்தில் திருமணம் முதலிய சுபகாரியங்களை விலக்கி, செபம், தானம், வழிபாடு ஆகியவற்றுக்கு உரியதாகப் பெரியோர் வைத்தனர். மிச்சமாய் வந்த காலம் இறைவனுக்கே உரியது என்பது கருத்து.

இதை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். மாதச் சம்பளக்காரருக்கு 29ஆம் நாளுக்கெனத் தனிச் சம்பளம் இல்லை. "சும்மா வேலை செய்யிற நாள்" என்று கந்தோரில் பகிடி விடுவோம். 2008 பெப்ரவரி 29 வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா, "மோனை, இண்டைக்கு வெள்ளியெல்லே, என்னைப் பிள்ளையாரிட்டைக் கூட்டிக்கொண்டு போறியே?" என்று கேட்டார். மாதமுடிவுக் கணக்கு இருந்தது. "அடுத்த வெள்ளி போவம் அம்மா" என்றேன். அடுத்த வெள்ளிக்கு முன்னரே அவர் படுக்கையில் விழுந்தார். பின்னர் கோயில் வாசலை அவர் மிதிக்கவில்லை.

அரசாங்கத்துக்கு ஒருநாளை இலவசமாகக் கொடுத்த நான், பெற்ற தாய்க்கு அரை மணித்தியாலம் கொடுக்கவில்லை. பெப்ரவரி 29 வெள்ளியில் வருவது இனி 2036இல்தான்.

அடியார்களே, தினம் 10 நிமிடம் ஒதுக்கினால் ஆண்டுக்கு 60 மணித்தியாலத்துக்கு மேல் சேரும். நெட்டாண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நடக்க இயலாத முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வெள்ளியே கைபிடித்து அழைத்து வாருங்கள். பூசை முடிந்துவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் நின்று கும்பிட்டாலும் விநாயகப் பெருமான் ஏற்றுக்கொள்வார்.

திருச்சிற்றம்பலம்.