எரிந்தபோது தெரிந்த முதலாளி

நான் பி.காம். படித்தவன். எந்த நல்ல காரியத்தைப் பார்த்தாலும், 'காசு யாருது?' என்றுதான் மனசு முதலில் கேட்கும். போன வாரம் ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் ஒரு தியேட்டர் கதை சொன்னேன். சினிமா தியேட்டர் இல்லை. ஒரு தேசமே சேர்ந்து கட்டிய நாடக அரங்கம்.

இடம், பிராக். இன்றைக்கு செக் நாட்டின் தலைநகரம். 19-ம் நூற்றாண்டில் அது ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. ஊரின் பெரிய மேடையில் ஜெர்மன் மொழிக்குத்தான் ராஜ மரியாதை. செக் மொழியில் நாடகம் போட வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள் பிற்பகல்களில் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரர் அசந்து தூங்கும் நேரத்தில் குடித்தனக்காரருக்குக் கிணறு கிடைக்கிற மாதிரி!

சொந்தமாக ஒரு அரங்கம் வேண்டும் என்று 1845-ல் மனு போட்டார்கள். 1850-ல் வரலாற்று ஆசிரியர் பலாட்ஸ்கி தலைமையில் கமிட்டி. மறு வருஷமே பொதுமக்களிடம் வசூல். 1852-ல் வல்டாவா நதிக்கரையில் நிலம் வாங்கிவிட்டார்கள். ஆனால், வாங்கிய நிலத்தில் கட்டடம் எழும்பவில்லை. உற்சாகம் ஏறுவதும் இறங்குவதுமாக வருஷங்கள் ஓடின. 1868-ல்தான் அஸ்திவாரக் கல். அதுவும் ஒரு கல் இல்லை. அவர்கள் புனிதமாக நினைக்கும் மலைகளிலிருந்தெல்லாம் கற்கள் வந்தன.

1881 ஜூன் 11. ஸ்மெட்டனாவின் 'லிபூஷே' இசை நாடகத்தோடு திறப்பு. கணக்குப் போட்டால், வசூல் ஆரம்பித்து 30 வருஷம். விட்ட குறை தொட்ட குறை வேலைகளை முடிக்க, சில காட்சிகளுக்குப் பிறகு அரங்கை மூடினார்கள். ஆகஸ்ட் 12-ம் தேதி, கூரையில் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. கூரை போச்சு. மேடை போச்சு. ரசிகர்கள் உட்காரும் இடமும் போச்சு.

''அவ்ளோதானா சார்? முப்பது வருஷ உழைப்பு சாம்பலா?'' என்றார் நண்பர்.

இல்லை. மறுபடி உண்டியல் ஏந்தினார்கள். 47 நாளில் சேர்ந்த தொகை, சுமார் 10 லட்சம் குல்டன். முதல் தடவை முப்பது வருஷம் முக்கி முனகிய அதே ஜனங்கள்தான்! கட்டும்வரை அது 'கமிட்டிக்காரங்க கட்டடம்'. எரிந்த அன்றுதான் அது 'நம்ம வீடு' ஆனது. 1883 நவம்பர் 18 அன்று, அதே 'லிபூஷே'வோடு மறுபடி திறந்தார்கள். மேடைக்கு மேலே எழுதியிருக்கும் வாசகத்தின் பொருள், 'தேசம், தனக்குத் தானே'. ட்யூப்லைட் வாங்கிக்கொடுத்துவிட்டு, வெளிச்சமே வெளியே வராதபடி அதில் 'உபயம்' எழுதுகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த வாசகம் பிடித்துப்போனது.

நண்பர் அசரவில்லை. ''எல்லாம் சரி. பசிக்கிறவன்கிட்ட போய் நாடகத்துக்குக் காசு கேக்கறது பாவமில்லையா? கவர்மென்ட் கட்டிட்டுப் போகட்டுமே!''

நியாயமான கேள்வி. அரசாங்கம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. லண்டனில் தேசிய நாடக அரங்குக்கு 10 லட்சம் பவுண்டு வரை தர 1949-ல் சட்டம் போட்டார்கள். 1951-ல் கல் வைத்தார்கள். திறந்தது 1976-ல். கல் வைத்த இடம் வேறு, கட்டடம் வந்த இடம் வேறு! ஆனாலும், வரிப்பணத்தில் ஒரு நியாயம் உண்டு. இருக்கிறவன் அதிகம் கொடுப்பான், இல்லாதவன் குறைவாகக் கொடுப்பான். உண்டியலில் அந்த நியாயம் கிடையாது. சக்கரவர்த்தி குடும்பத்தின் பணமும் பிராக் அரங்குக்கு வந்தது. சாதாரணக் குடும்பங்களின் சில்லறையும் வந்தது. எந்தக் காசு கொடுத்தவனுக்கு வலித்தது? ரசீது புத்தகத்தில் தொகைக்குத்தான் கட்டம் உண்டு. வலிக்குக் கிடையாது.

அதற்காக ஏழையிடம் கேட்கவே கூடாதா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 'உனக்குச் சோறு போதும், பாட்டும் கூத்தும் எங்களுக்கு' என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி ஆகிவிடாதா? கேட்பது பாவமில்லை. ஆனால், 'முடியாது' என்று சொல்ல அவனுக்கு இடம் இருக்க வேண்டும். ஊரே கொடுக்கும்போது ஒருத்தன் மட்டும் கையை விரிப்பது லேசான காரியமா? பிராகிலும் சிலர் கூச்சத்துக்காகக் கொடுத்திருப்பார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வாங்கினவனுக்கு என்ன கடமை? இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அரங்கம் திறந்த பிறகு, வெளியூர் ஜனங்கள் வந்து நாடகம் பார்ப்பதற்காகவே சிறப்பு ரயில்கள் விட்டார்கள். 'நாடக ரயில்' என்றே அவற்றுக்குப் பெயர். எங்கோ ஒரு கிராமத்தில் காசு கொடுத்தவர், அந்தக் காசு என்ன ஆனது என்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

''சரி சார், அந்த வசூல் பணத்தை எந்தப் பக்கம் எழுதுவீங்க?'' என்று நண்பரைக் கேட்டேன்.

''மூலதனம். பொறுப்புகள் பக்கம்'' என்றார் சட்டென்று.

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷமே சொல்லித்தரும் பாடம் இது. முதலாளி போட்ட பணமாகவே இருந்தாலும், அது நிறுவனம் அவருக்குத் தர வேண்டிய கடன். படிக்கிற காலத்தில் எனக்கு இது புரிந்ததே இல்லை. 'தன் பணமே தனக்கு எப்படி சார் கடனாகும்?' என்று வாத்தியாரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஊர்ப் பணத்தில் எது கட்டினாலும், திறப்பு விழா அன்று நாம் அதைச் சொத்துப் பக்கம் மட்டும் எழுதிவிட்டுக் கை தட்டுகிறோம். எதிர்ப்பக்கத்தில், கொடுத்தவன் பெயரில் ஒரு கடன் நிற்கிறது. பிராகில் அதை அடைக்க ரயில் விட்டார்கள்.

நாம் என்ன விடப்போகிறோம்?