மௌனம் யாருக்குக் காவல்?

தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே வகைப் பூட்டு. அப்பூட்டில் ஒரு குறை இருப்பதை ஒருவன் கண்டறிகிறான். தெருவில் நின்று கூவினால் வீட்டுக்காரரும் விழிப்பர், கள்வனும் விழிப்பான். வாய்மூடி இருந்தாலோ, அக்குறையை முன்பே அறிந்த கள்வனுக்கு அந்த மௌனமே துணையாகிவிடும். கணினியுலகில் இந்த இக்கட்டு அடிக்கடி நேர்கிறது.

2017ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹோஃப், வைஃபை இணைப்புகளைக் காத்துவந்த டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் நெறிமுறையில் ஒரு குறையைக் கண்டார். கைப்பேசியோ கணினியோ இணைப்பில் சேரும்போது, நான்கு செய்திகள் பரிமாறப்பட்டு மறைச்சாவி உறுதி செய்யப்படுகிறது. அருகிலிருக்கும் ஒருவன் மூன்றாம் செய்தியை மீண்டும் வந்துசேரும்படி செய்தால், கருவி பழைய சாவியையே மறுபடி பொருத்திக்கொள்ளும், மறைப்பு தளர்ந்துவிடும். நெறிமுறையைச் செம்மையாகப் பின்பற்றியவர்களே இதில் அகப்பட்டுக்கொண்டனர் என்பதுதான் வேடிக்கை!

ஜூலைத் திங்களில் அவர் சிலருக்கு மட்டும் மறைவாகத் தெரிவித்தார். அவர்களுள் ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தை உருவாக்குவோரும் இருந்தனர். தம் நிரல் முழுவதையும் எவரும் படிக்குமாறு திறந்து வைத்திருப்பவர்கள் அவர்கள். கையில் இருக்கும் திருத்தத்தை ஒரு மாதம் வெளியிடாமல் வைத்திருப்பது திறந்த நிரல் எழுதுவோரின் ஊக்கத்தைக் கெடுக்கும் என்று அதன் நிறுவனர் தியோ டி ராட் வாதிட்டார். காரணத்தைச் சொல்லாமல் திருத்திக்கொள்ள வான்ஹோஃப் இசைந்தார். அப்போது குறித்திருந்த வெளியீட்டு நாள் ஆகஸ்டு இறுதி. குறை நெறிமுறைக்கே உரியது எனத் தெளிந்தபின் அது தள்ளிப்போயிற்று. ஓப்பன் பி.எஸ்.டி.யின் திருத்தம் ஆகஸ்டு 30இல் வந்தது; உலகம் குறையை அறிந்ததோ அக்டோபர் 16இல்.

இடைப்பட்ட அந்த 47 நாள்களில்தான் அறத்தின் சிக்கல் இருக்கிறது. திறந்த நிரலில் ஓசையின்றித் திருத்துவது கண்ணாடி வீட்டுக்குள் ஒளிந்துகொள்வதை ஒக்கும். மாறிய வரிகளை ஊன்றிப் படிப்பவன் குறையையே ஊகித்துவிடக்கூடும். தம்மை நம்பியோரைக் காத்த அதே செயல், இன்னும் திருத்தம் பெறாத பிறரை இடருக்குள்ளாக்கியிருக்கலாம். வான்ஹோஃபும் தாம் இசைந்தது தவறு எனப் பின்னர் எழுதினார். இனி அக்குழுவினருக்கு வெளியீட்டு நாள் நெருங்கும்போதே அறிவிக்கப்படும் என்றும் கூறினார்.

ஓப்பன் பி.எஸ்.டி.யினர் வாக்குத் தவறினர் என்பது பொருந்தாது. அவர்கள் கேட்டு, இசைவு பெற்றே செய்தனர். அவர்களுக்குத் தாமதமாக அறிவிப்பதால் துன்புறப்போவோர் யார்? அந்த உரையாடலில் பங்கே பெறாத பயனர்கள் அல்லரோ? ஆயினும் வான்ஹோஃபின் அச்சத்தையும் புறந்தள்ள இயலாது. தம் வீட்டுப் பூட்டை மட்டும் மாற்றுகையில் தெருவுக்கே குறையைக் காட்டிக்கொடுக்கும் நிலை வருமாயின், சில நாள் பொறுப்பதும் கடமையே.

தீமை பயவாத சொல்லே வாய்மை என்றார் வள்ளுவர். மௌனத்தையும் அவ்வளவுகோலால் அளக்கலாம். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு திருத்தம் உருவாகுமானால் அந்த மௌனம் தகும். பெருநிறுவனங்களின் வசதிக்காகவே நாள் நீளுமானால் தகாது. இவ்விரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. நாள் குறிப்போரும் பெரும்பாலும் அந்நிறுவனங்களின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 16க்குப் பின்னும், தயாரித்தவர்கள் கைவிட்டுவிட்ட பழைய கைப்பேசிகள் பலவற்றுக்குத் திருத்தம் வந்து சேரவேயில்லை. அவற்றை வைத்திருந்தோரிடம் எத்தனை நாள் பொறுக்கலாம் என்று எவரும் கேட்டதில்லை.