அறிவு பெறத் தகுதி யாருக்கு உண்டு?

அறிவைப் பெறுவதற்குத் தகுதி வேண்டுமா, வேண்டுமென்றால் அதை அளந்து சொல்வது யார் என்பது இந்தியச் சமய மெய்யியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. வேதாந்த நூல்கள் இதை அதிகாரி பேதம் என்ற பெயரிலும், சைவ சித்தாந்த நூல்கள் பக்குவம் என்ற பெயரிலும் பேசுகின்றன. ஊர் நூலகம் இக்கேள்விக்கு நடைமுறையில் ஒரு விடை தருகிறது: யாரும் உள்ளே வரலாம், எந்த நூலையும் கேட்கலாம். இன்று இயல்பாகத் தோன்றும் இந்த விதி எளிதில் கிடைத்ததன்று. இதற்கான போராட்டத்தின் முக்கியக் கட்டங்கள் சில, அம்பூரி, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் அடங்கிய பழைய தென் திருவிதாங்கூரிலேயே நடந்தன.

தகுதி என்ற கருத்தில் இரண்டு செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கற்பவரின் மனநிலை. நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறிதல், பற்றின்மை, மன அடக்கம் முதலான ஆறு பண்புகள், விடுதலை வேட்கை ஆகிய நான்கும் உடையவரே பிரம்ம விசாரணைக்கு உரியவர் என்கிறது அத்வைதம். சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிகளை வகுக்கும் சைவ சித்தாந்தம், உயிரின் பக்குவம் அறிந்தே குரு உபதேசிப்பார் என்கிறது. தமிழ் இலக்கண மரபிலும் இந்த எண்ணம் உண்டு. மாணவரின் கொள்திறன் அறிந்து கற்பிக்க வேண்டும் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியருக்கு விதிக்கிறது. யாருக்குக் கற்பிக்கலாகாது என்றும் அது ஒரு பட்டியல் தருகிறது. சோம்பல், செருக்கு, சினம், களவு போன்றவை அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. பிறந்த குலம் இடம்பெறவில்லை.

மற்றொன்று, பிறப்பு. பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம், மூன்றாம் பாதத்துக்கு உரை எழுதிய சங்கரர், சூத்திரருக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்றும், இதிகாச புராணங்களின் வழியே அவர்கள் அறிவு பெறலாம் என்றும் முடிவுகட்டினார். மனப்பக்குவம் முயற்சியால் வருவது. பிறப்பு யாராலும் மாற்ற முடியாதது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததால், முதலாவதற்குரிய மதிப்பு இரண்டாவதற்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கலப்பை மறுத்த குரல்களும் மரபுக்குள்ளேயே எழுந்தன. திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற மறைபொருளை, கேட்க விரும்பியவர் அனைவருக்கும் இராமானுசர் வெளிப்படுத்தினார் என்றும், அதனால் தமக்கு நரகம் வாய்த்தாலும் ஏற்பதாகச் சொன்னார் என்றும் வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. விருப்பமே போதிய தகுதி என்பது இந்த வரலாறு நிறுவும் கொள்கை.

தென் திருவிதாங்கூரில் இந்த வாதம் ஏட்டோடு நிற்கவில்லை. 1888இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட ஈழவர் குலத்தில் பிறந்த நாராயண குரு, நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்ற கருத்து அங்கே எழுதிவைக்கப்பட்டது. அவருடைய சமகாலத்தவரான சட்டம்பி சுவாமிகள் 'வேதாதிகார நிரூபணம்' என்ற நூலில், வேதம் கற்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதைச் சாத்திரங்களைக் கொண்டே நிறுவினார். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, தீண்டாமைக்கு உள்ளான புலையர் குலக் குழந்தைகளின் பள்ளி உரிமைக்காகப் போராடினார். பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது எதிர்ப்புக் கிளம்பியது; பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஒரு குழந்தை உட்கார்ந்ததால் பலகை தீட்டுப்பட்டது என்று நம்பும் அளவுக்குப் பிறப்புவழித் தகுதி வேரோடியிருந்தது என்பதற்கு அது சான்று.

1917இல் நாராயண குரு, இனிக் கோயில்கள் கட்டுவதைவிடப் பள்ளிகள் கட்டுவதே முதன்மை என்று அறிவுறுத்தினார். 1924இல் ஆலுவாவில் அவர் கூட்டிய சர்வமத மாநாட்டின் நோக்கம், வாதிட்டு வெல்வதை விலக்கி, அறிந்துகொள்வதும் அறியச் செய்வதும் என வகுக்கப்பட்டது. பல சமய நூல்களும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கொள்கை விளக்கம் கிடைப்பது அரிது. 1936இல் திருவிதாங்கூரில் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1945இல், பி. என். பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்கள் அம்பலப்புழையில் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கின. அவர் மறைந்த ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1989ஆம் ஆண்டின் கேரளப் பொது நூலகச் சட்டம் ஊர்தோறும் உள்ள வாயனசாலைகள் எனப்படும் நூலகங்களை மாநில நூலகக் கவுன்சிலின் கீழ்க் கொண்டுவந்தது. கட்டட வரியோடு வசூலாகும் நூலக வரி அவற்றுக்கு ஆதாரம். வரி கட்டும் ஊராரே புரவலர் என்பதால், அங்கே நூல் பெறுவது உரிமையாகிறது; யாருடைய தயவையும் நாட வேண்டியதில்லை.

எல்லாருக்கும் கதவு திறந்துவிட்டால், ஆளறிந்து கற்பிக்கும் பழைய நெறி தேவையற்றுப் போகிறதா? சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் இதற்கு விடை இருக்கிறது. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் என்பன அடுத்த இரண்டும். அதாவது, வந்தவர் இன்னார் என்று அறிந்து அவருக்கேற்ற நூலை எடுத்துக் கொடுப்பது நூலகரின் கடமை. குரு பக்குவம் பார்த்தது கொடுக்கலாமா என்று முடிவுசெய்ய. நூலகர் பார்ப்பது எதிலிருந்து தொடங்கலாம் என்று வழிசொல்ல. பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம். பரிந்துரைத்த நூலை ஒதுக்கிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போகும் உரிமை அவருக்கு இருக்கும்வரைதான் பரிந்துரை பரிந்துரையாக இருக்கும்; இல்லையேல் அது தணிக்கை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பக்குவமில்லாதவர் கையில் உயர்ந்த நூல் வீணாகும், தீய நூல் கேடு செய்யும் என்பது அது. இந்த அச்சத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. குழந்தைகளுக்கு எந்த நூலைக் கொடுப்பது என்பதில் எந்த நூலகரும் கவனமாகவே இருப்பார். ஆனால் இந்த மறுப்பு, பக்குவம் முன்பே வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வாசிப்பில் பக்குவம் வாசித்துத்தான் வருகிறது. கடினமான நூலை முதல்முறை பாதியில் வைத்தவர், வேறு சில நூல்களைப் படித்தபின் திரும்பி வந்து அதையே முடிக்கிறார். பாதியில் நிறுத்திய வாசிப்பும் பயிற்சியின் பகுதியே.

பக்குவம் வளர்வது என்று ஏற்றுக்கொண்டால், அதை வளர்க்கும் பொறுப்பும் நூலகத்தைச் சேர்கிறது. கேரள ஊர் நூலகங்களின் சமூகப் பணிகள் இந்த அடிப்படையில்தான் பொருள் பெறுகின்றன. எழுத்தறிவு வகுப்பு, சிறுவர்களுக்கான பாலவேதி, பெண்களுக்கான வனிதாவேதி, முதியோர் கூட்டங்கள் ஆகியவற்றை உபரி வேலைகள் என்று எண்ணுவது பிழை. வீட்டை விட்டு வர இயலாத பெண்களுக்கும் முதியோருக்கும் நூல்களைப் பையில் எடுத்துச் சென்று கொடுத்து, முன்பு கொடுத்ததை வாங்கி வரும் திட்டமும் அங்கே உண்டு. திண்ணையில் நின்று, போன நூல் எப்படி இருந்தது என்று விசாரித்து, அதைக் கொண்டு அடுத்ததைத் தேர்ந்து தரும்போது, கொள்திறன் அறிந்து கொடுக்க வேண்டும் என்ற நன்னூல் விதி நிறைவேறுகிறது.

அம்பூரி போன்ற இடத்தில் இக்கடமை இன்னும் கூடுகிறது. 1956 மொழிவழிப் பிரிப்பில் விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோட்டின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. மலையடிவாரத்தில், நெய்யாறு அணைத்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பகுதிகளில் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் என்ற விதி, இங்கே இரு மொழி நூல்களையும் அலமாரியில் வைக்கச் சொல்கிறது. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலைக் கொண்டுபோகச் சொல்கிறது. காணிக்காரரின் பாட்டும் மருத்துவ அறிவும் அவர்கள் இசைவோடு பதிவாகி அதே அலமாரியில் இடம்பெறவும் சொல்கிறது. அறியவும் அறியச் செய்யவும் என்ற நெறியில், அறியச் செய்பவர் ஒருபக்கம் மட்டும் இருக்க முடியாது.

ஆக, தகுதி பற்றிய பழைய கேள்வியைப் பொது நூலகம் மூன்றாகப் பிரித்து விடையளிக்கிறது. பிறப்பால் வரும் தகுதியை அது முற்றாக மறுக்கிறது. மனப்பக்குவத்தை ஏற்கிறது, ஆனால் நுழைவுக்கு நிபந்தனையாக அதை வைக்காமல், வாசிப்பின் பயனாகக் காண்கிறது. ஆளறிந்து கொடுக்கும் ஆசிரியத் திறனை, தடுக்கும் அதிகாரம் நீங்கிய தொண்டாக நூலகரிடம் ஒப்படைக்கிறது.